பை நின்றால் ஆள் நின்ற மாதிரி

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குள் நாமக்கல் பஸ் நுழைந்து திரும்பும்போது மாணிக்கம் ஓடமாட்டார். ஓடுவதெல்லாம் அனுபவமில்லாதவர்கள் வேலை. தோளில் கிடக்கும் துண்டை இடது கையால் இழுத்து ஒரு உதறு உதறுவார். நீளவாட்டில் மடிப்பார், அப்புறம் குறுக்கே ஒரு மடிப்பு. பஸ் இன்னும் நின்றிருக்காது. அதன் ஓரமாகவே கூட நடந்து, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டின் ஜன்னல் வழியாக, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற பக்குவத்தில் துண்டை உள்ளே இறக்குவார். எறியமாட்டார். எறிந்த துண்டு நழுவிக் கீழே விழும். கீழே விழுந்த துண்டுக்கு எந்த உரிமையும் கிடையாது. சீட்டில் உட்கார்ந்த துண்டுக்கு உண்டு. அதை நகர்த்திவிட்டு உட்காருகிற துணிச்சல்காரன் கொல்லிமலையில் இன்னும் பிறக்கவில்லை.

இடம் பிடித்தாகிவிட்டது. இனி என்ன அவசரம்? மாணிக்கம் டீக்கடைக்குப் போவார். டீயை ஆற்றிக் குடிப்பார். யாராவது மிளகு விலையைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். மிளகு விலையைப் பற்றிப் பேசுகிறவனை நடுவில் விட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை. பஸ் போய்விடும்.

துண்டு நாமக்கல் போய்ச் சேரும். மாணிக்கம் போய்ச் சேரமாட்டார். சாயங்கால டிரிப்பில் கண்டக்டர் துண்டைக் கொண்டுவந்து டீக்கடையில் கொடுப்பார். "உங்க துண்டு நல்லபடியா ஊரு சுத்திட்டு வந்திருச்சுங்க. ஒரு தொந்தரவும் பண்ணலீங்க" என்பார். மாணிக்கம் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொள்வார். அவர் பார்வையில் தவறு பஸ்ஸினுடையது. இடம் பிடித்த ஆள் வருவதற்குள் கிளம்பினால் அது என்ன பஸ்?

கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் அவருக்குக் கொஞ்சம் மிளகுக்கொடியும் ஒரு துண்டு மரவள்ளிக் காடும் இருந்தன. மனைவி கண்ணாயி. பிள்ளை இல்லை. தங்கை ராமாயியைத் திருப்புலி நாட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. ராமாயிக்கு ஒரே மகள், கலைச்செல்வி. ஆக, மாமன் என்று சொல்லி மாணிக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெண்தான்.

அந்தப் பெண்ணுக்குக் காது குத்திய நாளில் மடி கொடுக்க வேண்டிய மாமன் இல்லை. கம்மல் மாணிக்கத்தின் சட்டைப் பையில் இருந்தது, துண்டு பஸ்ஸில் இருந்தது, மாணிக்கம் டீக்கடையில் இருந்தார். நேரம் தவறுகிறது என்று ஆசாரி அவசரப்படுத்த, ஒன்றுவிட்ட மாமன் முறையில் ராசப்பன் என்றொருவரைப் பிடித்து உட்காரவைத்து, அவர் மடியில் குழந்தையை வைத்துக் குத்திவிட்டார்கள். மாணிக்கம் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் மாணிக்கத்தைப் பார்த்தாலும் ராசப்பன், "அந்தப் புள்ள என்ற மடியிலதானுங்க அழுதுது" என்று பேச்சை ஆரம்பிப்பார். இருபது வருஷமாக அதே வாக்கியம். மாணிக்கமும் இருபது வருஷமாக அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தார்.

பதில் பினாங்கிலிருந்து வந்தது.

பினாங்குக்காரர் குடும்பம் ஒன்று குலதெய்வம் கும்பிட மலைக்கு வந்தது. அதில் ஒரு அம்மாள் அருவிப் படிக்கட்டில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் கலைச்செல்வி. கால் கூடியது. நர்ஸை விட்டுப் போக அந்த அம்மாளுக்கு மனசு கூடவில்லை. ஊருக்குப் போய் மகனை அனுப்பினார். கல்யாணம் பினாங்கில், செலவெல்லாம் மாப்பிள்ளை வீடு. ராமாயியும் கலைச்செல்வியும் முன்னாலேயே போய்விட்டார்கள். மாமனுக்கு டிக்கெட் வந்தது. கண்ணாயிக்கும் வந்திருக்கும், மிளகு பறிக்கிற நேரத்தில் இரண்டு பேரும் வானத்தில் பறந்தால் கொடியைக் குரங்கா பார்த்துக்கொள்ளும் என்று அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

செம்மேட்டில் எஸ்.டி.டி. பூத்தில் போன் வந்தது. மாணிக்கம் ரிசீவரைக் காதில் வைத்துப் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார்.

"சனிக்கெழமையா? ஏன் கண்ணு, சனிக்கெழமையில எவனாச்சும் தாலி கட்டுவானா?"

அந்தப் பக்கம் கலைச்செல்வி ஏதோ சொன்னாள்.

"லீவு நாளுதான் முகூர்த்தமா? அது செரி. அந்த ஊரு பஞ்சாங்கம் அப்படியாட்டம் இருக்குது."

பக்கத்தில் நின்ற கண்ணாயி, "அந்த ஊரு சனி வேற சனிங்க. பேசாம கேட்டுக்கங்க. சனிக்கெழம விடியால. அதுக்குள்ள போயி நிக்கோணும்" என்றாள்.

"நிப்பன். பொண்ணு நெத்தியில பட்டம் கட்ட வேண்டியவன் நானு. நிக்காம?"

"நிக்காட்டி அங்கயும் ஒரு ராசப்பன் இருப்பான். அந்த ஊர்ல மாமனுக்கா பஞ்சம்?"

மாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. அதற்குத்தான் அவள் சொன்னதே.

விமானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள மலையில் யாரையும் கேட்க முடியாது. அடிவாரத்தில் பேளுக்குறிச்சியில் மிளகு வியாபாரி ஜாபர் உசேன் இருந்தார். சவுதியில் அஞ்சு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். போனது ஒரு தடவை, வந்தது ஒரு தடவை. அந்த இரண்டு தடவையை முதலாக வைத்துப் பத்து வருஷமாக ஊருக்கே விமான நிலைய வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சந்தை நாளில் மாணிக்கம் போய்க் கேட்டதும் வியாபாரத்தைப் பையன்களிடம் விட்டுவிட்டு எழுந்தார்.

"இங்க பாருங்க மாணிக்கண்ணே. இந்த மல்லி மூட்டை மெட்ராஸ். இந்தா, இந்தச் சீரக மூட்டை கோலாலம்பூர். கடைசில இருக்குது பாருங்க பெருங்காய டப்பா, அது பினாங்கு. மல்லில ஏறுறீங்க, சீரகத்துல எறங்குறீங்க."

"எறங்கி?"

"எறங்கி வேற வண்டி மாறோணும். சேந்தமங்கலத்துல எறங்கி ராசிபுரம் வண்டி புடிக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க."

"அந்த வண்டி எங்க நிக்கும் பாய்?"

"அதத்தான் டெர்மினல்னு சொல்றது. ஒரு டெர்மினல்ல எறக்கி உடுவான். நம்ம வண்டி இன்னொரு டெர்மினல்ல நிக்கும்."

"அதயும் இதுலயே கொண்டாந்து நிறுத்துனா என்னவாம்?"

ஜாபர் உசேனுக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிறுத்தமாட்டான்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜொஹ்ராவின் குரல் வந்தது. "அண்ணே, இவுரு சொல்றதக் கேட்டுப் போனீங்கன்னா பெருங்காய டப்பாக்குள்ளதான் போயிச் சேருவீங்க. சவுதிலருந்து வந்தப்ப பம்பாயில எறங்கி, இதுதான் மெட்ராஸ்னு ரெண்டு நாளு நின்னவரு இவுரு."

"வண்டி மாத்தி உட்டுட்டான்மா அவன்!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, ஜாபர் உசேன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அங்க எங்க திரும்பினாலும் வரிசைதான். வரிசையில எடத்த மட்டும் உட்றாதீங்க. எடம் போச்சுன்னா வண்டி போச்சு."

மொத்த வகுப்பிலும் உருப்படியாக அவர் சொன்னது இந்த ஒன்றுதான். மாணிக்கம் மனதில் பதித்துக்கொண்டதும் இந்த ஒன்றைத்தான். வினை வந்ததும் இந்த ஒன்றினால்தான்.

சீர்ச் சாமானுக்குப் பை வேண்டும். கடைப் பையெல்லாம் காது அறுந்துவிடும் என்று கண்ணாயி உரச்சாக்கை இரட்டையாக மடித்துத் தன் கையால் ஒரு பை தைத்தாள். மலையில் எல்லார் வீட்டிலும் இருக்கிற பைதான். மழைக்கு நனையாது, மாடு இழுத்தாலும் கிழியாது. அதற்குள் மாமன் சீராக அரக்கு நிறப் பட்டுச்சேலை, பொட்டுத் தங்கத்தில் செய்த நெற்றிப் பட்டம், ஒரு படி மிளகு, சாமை அரிசி, மலைவாழை இரண்டு சீப்பு. இதைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், எவன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு.

மெட்ராஸ் விமான நிலையத்தில் பையை ஒன்றும் சொல்லவில்லை. மாணிக்கத்தைத்தான் சொன்னார்கள். வாசற்படி மாதிரி இருந்த ஒன்றுக்குள் நுழைந்ததும் அது கத்தியது. பெல்ட் இல்லை, சாவி இல்லை, சில்லறை இல்லை. மறுபடியும் நுழைந்தார், மறுபடியும் கத்தியது. இந்திக்காரக் காவலர் கையில் இருந்த கட்டையால் தடவிக்கொண்டே வந்து தொப்புளுக்குக் கீழே நிறுத்தினார். அங்கே இருந்தது மாணிக்கத்தின் வெள்ளி அரைஞாண். கழற்றச் சொல்லி சைகை காட்டினார். மாணிக்கம் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அரைஞாணைக் கழற்றுவது ஆள் செத்த பிறகு. அதையும் பங்காளிகள்தான் செய்யவேண்டும். இவர் பங்காளியும் இல்லை, மாணிக்கம் இன்னும் சாகவும் இல்லை. அந்த அரைஞாணால் தேசத்துக்கு ஆபத்தில்லை என்று முடிவாவதற்குள் மூன்று அதிகாரிகள் தனித்தனியாக அவர் வயிற்றைப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் கட்டடங்களின் மேல் விமானத்தை மோதவிட்டு அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உலகம் முழுக்க ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

விமானத்துக்குள் ஜன்னலோர இடம் ஏற்கெனவே அவர் பெயருக்கு இருந்தது. துண்டு போடாமல் இடம் கிடைத்ததில் அவருக்கு ஒரு நம்பிக்கையின்மை. அதனால் எழுந்திருக்கவே இல்லை. கழிப்பறைக்கும் போகவில்லை. இவ்வளவு உயரத்திலிருந்து போனால் அது எந்த ஊர்க்காரன் தலையில் விழுமோ என்கிற பொறுப்புணர்ச்சியும் ஒரு காரணம்.

கோலாலம்பூரில் இறங்கியபோது நல்ல பகல். ஜாபர் உசேன் சொன்னபடியே அடுத்த விமானம் வேறு கட்டடத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்குப் போக ஒரு சின்ன ரயில். மாணிக்கம் வழக்கப்படி டிரைவரைப் பார்க்க முன்னால் போனார். முன்னால் கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவரின் முதுகை மட்டும் நம்பி உயிரோடு மலை ஏறி இறங்கிய மனிதர். முதுகே இல்லாத வண்டியில் எப்படி ஏறுவது? டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார், வரட்டும் என்று நின்றார். அந்த ரயில் தானே போயிற்று. அடுத்ததும் தானே வந்து தானே போயிற்று. மூன்றாவதில் பின்னால் வந்த கூட்டம் அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டது. காலியாக இருந்த அந்தக் கண்ணாடியை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் இறங்கினால் வரிசை. பினாங்கு விமானத்துக்குச் சீட்டு மாற்றிக் கொடுக்கிற இடம். வரிசை வளைந்து வளைந்து கயிறு கட்டின பாதையில் நின்றது. மாணிக்கம் கடைசியில் போய் நின்றார். முன்னால் பார்த்தார், ஆள் நகர்கிற வேகத்தைப் பார்த்தார், தன் அடிவயிற்றைக் கேட்டார். அடிவயிறு இனி முடியாது என்றது. வரிசையை விட்டால் இடம் போச்சு. இடம் போச்சுன்னா வண்டி போச்சு. வண்டி போச்சுன்னா முகூர்த்தம் போச்சு.

விவரம் தெரிந்த எந்த மனிதரும் செய்வதை மாணிக்கம் செய்தார். உரச்சாக்குப் பையைத் தான் நின்ற இடத்தில் நிறுத்தினார். வாய் மூடி இருக்கிறதா என்று பார்த்தார். பின்னால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஒரு சீனர் நின்றிருந்தார். மாணிக்கம் பையைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார், சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். சீனர் சிரித்துத் தலையாட்டினார். சாட்சியும் வைத்தாகிவிட்டது. மாணிக்கம் நிம்மதியாகக் கிளம்பினார்.

கழிப்பறையில் திருகில்லாத குழாய் ஒன்று அவரைக் கொஞ்ச நேரம் சோதித்தது. கையை நீட்டினால் நின்றது, எடுத்தால் கொட்டியது. வெளியே வந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே தரை, அதே விளக்கு, அதே செண்டு வாசனைக் கடை. மலையில் ஒரு பாறை இன்னொரு பாறை மாதிரி இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இங்கே கண்ணைத் திறந்துகொண்டு இரண்டு சுற்று சுற்றினார்.

ஒருவழியாகக் கண்டுபிடித்து வந்தால், வரிசையைக் காணோம். கயிறு கட்டின பாதை வெறுமையாகக் கிடந்தது. வெகு தூரத்தில் மஞ்சள் நாடா கட்டி அதற்குப் பின்னால் ஜனம் கூடியிருந்தது. போலீஸ். ஒரு நாய். மாணிக்கம் சந்தை பார்த்து வளர்ந்தவர். கூட்டத்தைக் கண்டால் கால் தானே போகும். போய்ப் பின்வரிசையில் எக்கி நின்றார். குள்ளமான ஆள், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் துடைப்பக் கட்டையோடு நீலச் சட்டை போட்ட அம்மாள் ஒருத்தி நின்றிருந்தாள். நெற்றியில் விபூதி இருந்தது. சட்டையில் ருக்குமணி என்று பெயர் குத்தியிருந்ததைத் தமிழில் இல்லாததால் மாணிக்கம் படிக்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, என்னுங்க கூட்டம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஊர்லேர்ந்து வர்றீங்களா அண்ணே? எவனோ பைய வெச்சிட்டு ஓடிட்டான்லா. பாம்னு சொல்றாங்க."

"அட கெரகமே! குண்டா?"

"உள்ள உரம் மருந்தெல்லாம் இருக்காம். எல்லாரையும் வெரட்டி விட்டுட்டாங்க."

மாணிக்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எடுபட்ட பயலுக. இந்த மாதிரி ஒருத்தன் பண்றதுக்குத்தானுங்க நம்ம மாதிரி நல்லவிய வயித்தையெல்லாம் அவுத்துப் பாக்கறானுக. அவனப் புடிச்சுத் தோல உரிக்கோணும்."

"ஆமாண்ணே. பெத்தவங்க வளர்த்த வளர்ப்பு."

"வளர்ப்புதானுங்க! நம்மூரா இருந்தா மரத்துல கட்டி வெச்சிருப்போம்."

அதற்கு மேலும் அந்த ஆளின் வம்சத்தைப் பற்றி மாணிக்கம் விரிவாகச் சொல்லிக்கொண்டே, குனிந்து, ஆட்களின் இடுக்கில் புகுந்து, முன்வரிசைக்கு வந்து சேர்ந்தார். பரந்த தரையின் நடுவில், பஞ்சு மெத்தையைப் போர்த்திக்கொண்ட மாதிரி ஒருவன் நீளக் கொம்போடு அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் தன்னந்தனியாக ஒரு பை நின்றது. பச்சை எழுத்தில் யூரியா என்று மூன்று பாஷையில் போட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு நூலில் கண்ணாயியின் தையல்.

யூரியாவை வைத்து மரவள்ளி விளைவிக்காமல் வேறு என்னென்னவோ செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது மாணிக்கத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கொம்பு நேராகப் பட்டுச்சேலை இருக்கிற பக்கமாகப் போகிறது என்பதுதான்.

"டேய்! குத்தீறாதடா! சீரு இருக்குது!"

நாடாவுக்கு அடியில் புகுந்து ஓடினார். வாழ்க்கையில் அவர் எதையாவது பிடிக்க ஓடியது அதுதான் முதல் தடவை. நாலு போலீஸ்காரர்கள் அவர் மேல் விழுந்தார்கள். அந்தக் களேபரத்தில் நாய் அவிழ்ந்துகொண்டு பைக்குள் மூக்கை விட்டது; கொல்லிமலை மிளகை ஆழமாக ஒரு தடவை மோந்து பார்த்தது; அப்புறம் அது தும்ம ஆரம்பித்தது. உத்தியோகத்தை மறந்து தும்மியது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

மாணிக்கத்தை ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். பையைப் பிரித்து மேஜையில் பரப்பியிருந்தது. மலாய்க்கார அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது. மொழிபெயர்க்க ருக்குமணியைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"பைய ஏன் அண்ணே விட்டுட்டுப் போனீங்கன்னு கேக்கறாரு."

"நான் எங்கீங்க உட்டுட்டுப் போனேன்? எடம் புடிச்சு வெச்சுட்டுப் போனேன்."

அவள் சொன்னாள். அதிகாரி எழுதப்போய் நிறுத்தினார். மறுபடியும் கேட்டார்.

"பைய வெச்சிட்டு நீங்க அங்க இல்லையேங்கறாரு."

"பை இருந்துச்சுல்லீங்க? பை நின்னா ஆள் நின்ன மாதிரிதானுங்க. இதுகூடத் தெரியாம இவுரு எப்படி பெரிய ஆபீசர் ஆனாரு?"

கடைசி வரியை ருக்குமணி மொழிபெயர்க்கவில்லை. மாணிக்கம் எழுந்து, அதிகாரியின் தொப்பியை எடுத்துக் காலி நாற்காலி ஒன்றில் வைத்து, கதவு வரைக்கும் நடந்து போய், திரும்பி வந்து, தொப்பியை எடுத்துவிட்டு உட்கார்ந்து காட்டினார். அதிகாரி தொப்பியைப் பார்த்தார், மாணிக்கத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்டு போலீஸ் சரித்திரத்தில் இதற்குப் பொருத்தமான கட்டம் இருந்திருக்காது.

விசாரணை முடிய ராத்திரியாகிவிட்டது. அன்றைய கடைசிப் பினாங்கு விமானமும் போய்விட்டது. அடுத்தது விடிந்த பிறகுதான் என்றார்கள். மாணிக்கம் மேஜைப் பக்கம் திரும்பினார். பிரித்துப் போட்ட பட்டுச்சேலையை எடுத்து, மடிப்பு கலையாமல் மடிக்கப் பார்த்தார். மடிப்பு வரவில்லை.

"என்ற தங்கச்சி மவளுக்கு விடியால முகூர்த்தமுங்க. நான் நின்னு பட்டம் கட்டோணும்."

ருக்குமணி சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "போன் போட்டுச் சொல்லிடலாம்ணே. நம்பர் கொடுங்க."

"வேண்டாமுங்க."

"ஏண்ணே? தேடுவாங்கள்ல?"

"என்னன்னு சொல்றதுங்க? காதுகுத்துக்குச் சொன்னதையேவா?"

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ரொட்டியும் டீயும் வாங்கி வந்து கொடுத்தாள். டீயை மாணிக்கம் தொடவில்லை. ஆறி ஆடை கட்டியது. இந்த வயசுக்கு எத்தனையோ டீ குடித்தாயிற்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போதுதான் விலை கேட்கிறார்கள் என்று தோன்றியது. பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த விமானத்தின் வாசலுக்கு நேரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கூப்பிடுகிறவரை இடத்தைவிட்டு அசையவில்லை.

பினாங்கில் இறங்கி, மண்டபத்து விலாசத்தை டாக்சிக்காரனிடம் காட்டிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மண்டபத்து வாசலில் வாழைமரம். முன்னால் பட்டுவேட்டியும் சந்தனமுமாக ஒரு தடித்த ஆள் நாலு பேரை அதட்டிக்கொண்டு நின்றார். இதுதான் இந்த ஊர் ராசப்பன் என்று மாணிக்கத்துக்குத் தெரிந்துவிட்டது. நேராகப் போய் அவர் எதிரில் நின்றார்.

"நீதானா அது? மனச்சாட்சியோட சொல்லு. பட்டம் கட்டும்போது புள்ள அழுதுச்சா?"

அந்த ஆள் விழித்தார். "எந்தப் பட்டம்ணே? நான் சமையலுக்கு வந்தவன். பேரு அருணாசலம். பருப்பு வேகலன்னு கத்திக்கிட்டிருக்கேன்."

"அப்ப மாமனா நின்னது ஆரு?"

"மாமா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கலைச்செல்வி முகமெல்லாம் நலங்கு மஞ்சளோடு வாசலுக்கு வந்து நின்றாள். மஞ்சளுக்கு நடுவில் சிரிப்பு தெரிந்தது. "வாங்க மாமா. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

"முகூர்த்தம்?"

"நாளைக்கு விடியால."

மாணிக்கம் பையைக் கீழே வைத்தார். அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். மலைவாழை நசுங்குகிற சத்தம் கேட்டது. அழுகிறாரா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியலில் மாணிக்கம் பட்டம் கட்டினார். எல்லாருக்கும் முன்னால் குளித்து, எல்லாருக்கும் முன்னால் மேடையேறி, ஐயர் வருகிறவரை தனியாக நின்றார். டீ வேண்டுமா என்று கேட்டவனை முறைத்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மலை தாங்கவில்லை. செம்மேடு டீக்கடையில் உட்கார்ந்தால் பினாங்குதான். "எனக்காவ முகூர்த்தத்தையே ஒரு நாளு தள்ளி வெச்சாங்க. மாமன் வராம தாலி ஏறாதுன்னுட்டாங்க. கடல் தாண்டுன ஊரு, ஆனா மொற தெரிஞ்ச சனம்" என்பார். ராசப்பன் வாயைத் திறந்தால், "மடி யாரு வேணும்னாலும் குடுக்கலாமுங்க. யாருக்காவ ஒரு ஊரே நிக்கும்னு கேட்டுப் பாருங்க" என்று முடித்துவிடுவார். ராசப்பன் அதற்கப்புறம் விசேஷங்களில் வேறு ஆளைத் தேடிப் போனார். ஜாபர் உசேனும் தன் பங்குக்கு வகுப்பை நிறுத்திவிட்டு, விமானத்தில் போகிறவர்களை நேராக மலைக்கு மாணிக்கத்திடம் அனுப்ப ஆரம்பித்தார். மாணிக்கம் எல்லாருக்கும் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: "அவசரப்படாதீங்க. நின்னு கூட்டிட்டுப் போவாங்க."

இரண்டு வருஷம் கழித்துக் கலைச்செல்வி கைக்குழந்தையோடு மலைக்கு வந்தாள். மாணிக்கம் ஒரு நாள் பேளுக்குறிச்சிக்கு மிளகு கொண்டு போயிருந்த நேரத்தில், அவளும் கண்ணாயியும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. இன்றுவரை மாணிக்கத்தின் காதுக்கு அது போகவில்லை. முகூர்த்தத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே அது ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை என்பது மாணிக்கம் ஒருவருக்கு மட்டும் சொன்ன நாள். அவருக்குத் தெரியாமல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் முன்னாலேயே பினாங்குக்குப் பேசி அப்படி ஏற்பாடு செய்தது கண்ணாயி.

"நான் ரெண்டு நாளு முன்னால சொல்லச் சொன்னேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள் கண்ணாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவதான், மாமா பாவம் அத்தைன்னு ஒரு நாளாக் கொறச்சுட்டா."